அக்காவின் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் 'பாப்பிலோமா, எச்.பி.வி.?' என்று இருக்கிறது. புற்றுநோய் ஆகுமா?

பிரிவு: உடல்நலம் › வயிறு, குடல்

காவிரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல். மாத்திரை போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். ஒருவழியாகப் போன வாரம் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டாள். வயிற்றில் லேசான அழற்சி தவிர ஒன்றும் இல்லை. ஆனால் உணவுக்குழாயில், பல்வரிசையிலிருந்து 32 செ.மீ. தூரத்தில், 4 மி.மீ. அளவில் வெள்ளையாக ஒரு மரு இருந்ததாம். அப்போதே கிள்ளி எடுத்து பயாப்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது: "ஸ்குவாமஸ் பாப்பிலோமா. டிஸ்பிளேசியா இல்லை. எச்.பி.வி. தொடர்பு இருக்கக்கூடும்."

டாக்டர் பார்த்துவிட்டு, "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) என்று போனில் தேடியிருக்கிறாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், பாலுறவு மூலம் பரவும் என்றெல்லாம் வந்ததைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் பாவம், நான் என்ன செய்தேன் என்று என்னைக் கேட்கிறார்.

இந்த மருவுக்கு வைரஸ்தான் காரணமா? இது பின்னால் புற்றுநோயாக மாறுமா? தனியாக வைரஸ் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டறைத்தம்பி

ப்ரோ, எச்.பி.வி. என்றால் புற்றுநோய் வைரஸ், அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் தொண்டைப் புற்றுநோய் இப்போது அதனால்தான் கூடிக்கொண்டே போகிறது என்று செய்தியில் வந்தது. இதை லேசாக விடாதீர்கள். பெரிய ஊரில் போய் ஸ்கேன் எல்லாம் எடுத்துவிடுங்கள்.

---

ஸ்லைடு_சுந்தரி

காவிரிக்கரையான் தம்பி, நான் பாதாலஜிஸ்ட். பயாப்சித் துண்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் தினசரி வேலை. அக்காவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஸ்குவாமஸ் பாப்பிலோமா என்பது உணவுக்குழாயின் உள்தோலில் வளரும் மரு. எண்டோஸ்கோப்பி செய்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இது இருக்காது. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வேறு எதற்கோ ஸ்கோப் விடும்போது தற்செயலாகக் கண்ணில் படுவது. உங்கள் அக்கா கதையும் அதுவே. ஒற்றை மருவை முழுசாக எடுத்துவிட்டால் அநேகமாகத் திரும்ப வராது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் மெல்லிய ரத்தக்குழாய், அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் செல்கள். அந்த மேல் அடுக்குகளில்தான் நாங்கள் வைரஸின் தடயத்தைத் தேடுவோம். வைரஸ் குடியிருக்கும் செல்லில் உட்கரு உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கி இருக்கும், அதைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். அதைக் கொய்லோசைட் என்போம். அது நன்றாகத் தெரிந்தால் 'எச்.பி.வி. இருக்கலாம்' என்று எழுதுவோம். தெரியாவிட்டாலும் பாப்பிலோமா என்றாலே பழக்கத்தில் அந்த வரியைச் சேர்க்கிற லேப்கள் உண்டு. எழுதினால் பாதுகாப்பு, எழுதாவிட்டால் யாராவது கேட்பார்கள் என்ற எண்ணம்தான். நோயாளி அதை எப்படிப் படிப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை, அது எனக்கே பிடிக்காத பழக்கம்.

'டிஸ்பிளேசியா இல்லை' என்ற வார்த்தைதான் அந்த ரிப்போர்ட்டில் முக்கியமானது. செல்கள் புற்றுநோய்ப் பக்கம் திரும்பவில்லை என்று பொருள்.

பட்டறைத்தம்பிக்கு: அந்தச் செய்தி உண்மைதான், ஆனால் இடம் வேறு. அமெரிக்காவில் எச்.பி.வி.யால் கூடுவது டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வருகிற புற்றுநோய். அங்கே வைரஸின் பங்கு நிரூபிக்கப்பட்ட ஒன்று. உணவுக்குழாய் அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளி இருக்கிறது. வைரஸைப் பொறுத்தவரை அது வேறு நாடு.

---

காவிரிக்கரையான்

ரொம்ப நன்றி மேடம். அக்காவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் வைரஸ் இருக்கிறதா, இல்லையா?" என்று திருப்பிக் கேட்கிறாள். ஆமாம், இல்லை என்று ஒரே பதில் வேண்டுமாம்.

---

ஸ்லைடு_சுந்தரி

அந்த ஒரே பதிலைத்தான் யாராலும் தர முடியவில்லை. உணவுக்குழாய் மருக்களை பி.சி.ஆர். முறையில் (வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற சோதனை) சோதித்த ஆய்வுகளில், ஒரு ஊரில் ஒன்றில்கூட வைரஸ் இல்லை, இன்னொரு ஊரில் எண்பது சதவீதத்துக்கு மேல். எந்த முறையில் தேடினார்கள், பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த துண்டு எவ்வளவு பழையது, எந்த ஊர் மக்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. கிடைத்த இடங்களில் 6, 11, 16 ஆகிய வகைகள் அடிக்கடி வருகின்றன. 6, 11 இரண்டும் சாதாரண மருவை உண்டாக்குகிறவை. 16தான் கர்ப்பப்பை வாயில் சேட்டை செய்கிற வகை.

வைரஸ் இல்லாத மருக்களுக்கு இன்னொரு விளக்கம் உண்டு. வயிற்று அமிலம் மேலே ஏறி ஏறி உள்தோலை எரிச்சலூட்ட, அது ஆறும்போது கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிடுகிறது. அக்காவுக்கு நீண்ட நாள் நெஞ்செரிச்சல், மருவும் குழாயின் கீழ்ப்பாதியில். என் ஊகம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். என் பதில், வேண்டாம். வந்தாலும் வராவிட்டாலும் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. மருவோ வெளியே வந்தாயிற்று.

---

மலைக்கோட்டை_மீனா

தம்பி, மற்றவர்கள் தொடத் தயங்குகிற விஷயத்தை நான் சொல்கிறேன். மகப்பேறு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

எச்.பி.வி. என்பது இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். கையில் வருகிற மருவும் அதில் சேர்த்தி. திருமண வாழ்வு வாழ்கிற பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு முறை இந்த வைரஸ் வந்துபோகும். வந்தது தெரியாது, போனதும் தெரியாது. சில வருடங்களில் உடம்பே துடைத்துவிடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உலகத்தில் எந்த டெஸ்டும் இல்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போய், குரல்வளையில் மருவாக வளர்வதும் உண்டு. அந்தக் குழந்தையின் நடத்தையைப் பற்றி யாராவது பேசுவோமா?

அக்காவிடம் சொல்லுங்கள்: அந்த ரிப்போர்ட் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வைரஸே இருக்கிறதா என்று தெரியாத 4 மி.மீ. மருவை வைத்துக்கொண்டு மனுஷனைப் பட்டினி போடுவது நியாயமில்லை.

---

காவிரிக்கரையான்

மீனாம்மா, இதை அக்காவிடம் நான் படித்துக் காட்டவில்லை. போனையே கையில் கொடுத்துவிட்டேன். நன்றி.

---

ஆய்வுமாணவன்

சுந்தரி மேடம் மருவைப் பற்றிச் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை என்ற தொனி வந்துவிடக் கூடாது. (நுண்ணுயிரியல் முனைவர் பட்ட மாணவன், இந்தத் தலைப்பில் இல்லை, பக்கத்துத் தலைப்பில்.)

1982இல் பின்லாந்தின் காரி சிர்யானென் என்பவர்தான் முதலில் இதை எழுப்பினார். உணவுக்குழாய்ப் புற்றுக் கட்டிகளின் ஓரத்தில், மேடம் சொன்ன அதே கொய்லோசைட் வகை மாற்றங்களைக் கண்டார். கர்ப்பப்பை வாய்க் கட்டியில் எச்.பி.வி. 16ஐ ஹரால்டு சூர் ஹாசன் குழு கண்டுபிடித்தது 1983இல்தான். அதற்கும் ஒரு வருடம் முன்னால் இது! சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. உணவுக்குழாய் விவகாரம் மட்டும் இன்னும் வாதத்திலேயே நிற்கிறது.

அதன் பிறகு சீனாவிலிருந்து, குறிப்பாக ஹெனான் மாகாணத்தின் லின்சியன் பக்கத்திலிருந்து, எத்தனையோ ஆய்வுகள். உலகிலேயே உணவுக்குழாய்ப் புற்று மிக அதிகமாக இருந்த ஊர்களில் அது ஒன்று. அங்கே கட்டிகளில் வைரஸ் டி.என்.ஏ. கணிசமாகக் கிடைத்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நோய் குறைவாக உள்ள மேற்கு நாடுகளில் கிடைப்பது குறைவு. நோய் அதிகமுள்ள இடத்தில் வைரஸும் அதிகம் என்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியுமா?

---

ஸ்லைடு_சுந்தரி

ஒதுக்க வேண்டாம், ஆனால் கட்டியில் வைரஸ் இருப்பது ஒன்று, கட்டியை வைரஸ் உண்டாக்கியது இன்னொன்று. வாயிலும் தொண்டையிலும் இருக்கிற எதுவும் எச்சிலோடு உணவுக்குழாய் வழியாகத்தான் கீழே போகிறது. கட்டியின் மேற்பரப்பில் நாலு வைரஸ் ஒட்டியிருந்தாலும் பி.சி.ஆர். 'இருக்கிறது' என்றுதான் சொல்லும். ஒரே மேசையில் கர்ப்பப்பை வாய் மாதிரிகளையும் கையாளுகிற லேபில் கலப்படம் எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

வைரஸ்தான் கட்டியை நடத்துகிறது என்றால் அதன் ஈ6, ஈ7 என்ற இரண்டு மரபணுக்களும் அங்கே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். ஈ6 வந்து பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கும். ஈ7 இன்னொரு காவலாளியான ஆர்.பி. புரதத்தைக் கட்டிப்போடும். வைரஸே பி53ஐ அழித்துவிடுவதால் அந்த மரபணு பழுதாக வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் கர்ப்பப்பை வாயிலும் டான்சிலிலும் எச்.பி.வி. கட்டிகளில் பி53 மரபணு பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. உணவுக்குழாயின் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) புற்றிலோ மிகப் பெரும்பாலான கட்டிகளில் அது பழுதாகிக் கிடக்கிறது. புகையிலையும் சாராயமும் போன வழியில் கிடைக்கிற அடையாளம் அது.

2017இல் அமெரிக்காவின் டி.சி.ஜி.ஏ. என்ற புற்றுநோய் மரபணு ஆய்வுத் திட்டம் 164 உணவுக்குழாய்க் கட்டிகளின் மரபணுவை முழுக்கப் பிரித்துப் பார்த்தது. எச்.பி.வி. காரணமாக இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். 2012இல் வெளிவந்த இன்டர்ஸ்கோப் ஆய்வு வேறு வழியில் போனது. சீனா, ஈரான், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் எடுத்த ரத்தத்தில் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடினார்கள். நோயாளிகளுக்கும் நலமாக இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் காட்ட முடியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எச்.பி.வி. 16 உண்டாக்கும் புற்றுகள் என்று வெளியிட்டுள்ள பட்டியலில் கர்ப்பப்பை வாய், ஆசனவாய், வாய், டான்சில் எல்லாம் இருக்கின்றன. உணவுக்குழாய் இல்லை.

---

ஆய்வுமாணவன்

ஏற்கிறேன், ஆனால் இரண்டு விஷயம். டி.சி.ஜி.ஏ. மாதிரிகள் ஒரு சில நாடுகளிலிருந்து வந்தவை. லின்சியன் விவசாயியின் கட்டி அதில் எத்தனை? அப்புறம், கீழ்ப்பகுதியில் வருகிற அடினோ (சுரப்பிச் செல்) வகைப் புற்றில் சிட்னியின் சண்முகராஜா ராஜேந்திரா குழு 2013இல் வெளியிட்டதைப் பாருங்கள். பேரட் எனப்படும் மாறிய உள்தோலிலும் அடினோ புற்றிலும் வைரஸ் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, மரபணு வேலை செய்கிறது என்றே சொல்கிறார்கள். நீங்கள் கேட்கிற ஈ6, ஈ7 சான்று அதுதானே?

---

ஸ்லைடு_சுந்தரி

படித்திருக்கிறேன், கவனமாகச் செய்த வேலைதான். வேறு ஊர்களில் வேறு கைகள் செய்தபோது அதே முடிவு அதே வலுவோடு திரும்ப வரவில்லை. வந்தால் முதலில் கை தட்டுவது நானாகத்தான் இருக்கும். அதுவரை ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் 'வைரஸ்தான்' என்று என் பேனா எழுதாது.

---

குன்னூர்_கால்நடை

இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன். நான் மாட்டு டாக்டர். மனிதர்களிடம் நாற்பது வருடமாகத் தீராத இந்த வழக்கை மாடுகளிடம் ஒருவர் தீர்த்துவைத்திருக்கிறார், அதை யாருமே சொல்லவில்லையே என்று கை அரிக்கிறது. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பில் ஜாரெட் என்று ஒரு கால்நடை நோயியல் பேராசிரியர். பூனைகளின் லுகீமியா வைரஸை 1964இல் கண்டுபிடித்தவர். 1970களில் ஸ்காட்லாந்தின் மேற்கு மேட்டுநிலப் பண்ணைகளில் மாடுகளுக்கு வாய், உணவுக்குழாய், அசைபோடும் வயிறு ஆகிய இடங்களில் புற்று வருகிறது என்று தெரியவந்தது. மற்ற இடங்களில் மாடுகளுக்கு அபூர்வமான நோய், இங்கே சில பண்ணைகளில் மட்டும் திரும்பத் திரும்ப. செத்த மாடுகளைத் திறந்தால் புற்றுக்குப் பக்கத்திலேயே உணவுக்குழாய் நெடுக மருக்கள். காவிரிக்கரையானின் அக்காவுக்கு ஒன்று இருந்ததே, அதே ஸ்குவாமஸ் பாப்பிலோமாதான். ஆனால் இங்கே கூட்டம் கூட்டமாக.

சரி, மருதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? இறைச்சிக்கூடத்தில் சாதாரண மாடுகளைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாட்டுக்கு அங்கேயும் மரு இருந்தது. பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அந்த மாடுகளுக்குப் புற்று இல்லை. ஆக, மருவும் அதற்குள் இருக்கிற வைரஸும் எங்கும் இருக்கிறது, புற்று மட்டும் சில மலைப்பண்ணைகளில்தான்.

அந்தப் பண்ணைகளுக்குப் பொதுவாக இருந்தது மேய்ச்சல் நிலத்தை மூடிக்கிடந்த பிராக்கன் பெரணி. புல் குறையும்போது மாடு அதைத் தின்னும். அதில் டாகுயிலோசைடு என்ற நஞ்சு இருக்கிறது. நேரடியாக டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து எதிர்ப்புச் சக்தியையும் விழுங்கிவிடும். ஜாரெட் 1978இல் நேச்சர் இதழில் இரண்டையும் சேர்த்து எழுதினார்: வைரஸும் பெரணியும் கூட்டு. மாட்டு பாப்பிலோமா வைரஸ்களில் ஒன்றான அதற்குப் பி.பி.வி.-4 என்று பெயர்.

பின்னால் சவேரியா காம்போ தலைமையில் அதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். கன்றுகளுக்கு வைரஸைக் கொடுத்தார்கள். நல்ல தீவனம் தின்ற கன்றுகளுக்கு மரு வந்தது, ஓராண்டு வாக்கில் தானாகவே உதிர்ந்துபோனது. பெரணி தின்றவற்றுக்கும், எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கியவற்றுக்கும் மரு உதிரவில்லை, பரவியது. வைரஸும் பெரணியும் சேர்ந்த மாடுகளுக்குச் சில வருடங்கள் கழித்துப் புற்று வந்தது. முடிவுகள் 1994இல் அச்சேறின.

இப்போது சுந்தரி மேடத்துக்கும் ஆய்வுமாணவனுக்கும் ஒரு செய்தி. மருக்களில் வைரஸ் டி.என்.ஏ. ஏராளமாக இருந்தது. முற்றிய புற்றில் தேடினால் பெரும்பாலானவற்றில் இல்லை! தொடங்கிவைத்துவிட்டு வைரஸ் கிளம்பிப் போய்விட்டது. கட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் வைரஸ் நிரபராதி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

---

ஆய்வுமாணவன்

டாக்டர், இதைத்தான் இரண்டு நாளாகச் சொல்ல வந்து திணறினேன். கட்டியில் வைரஸ் இல்லை என்பதாலேயே வைரஸுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது!

---

ஸ்லைடு_சுந்தரி

அழகான கதை, முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளாஸ்கோ மாட்டு டாக்டர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கட்டியில் வைரஸ் இல்லை என்றதும் 'வந்துவிட்டுப் போயிருக்கும்' என்று ஊகித்து நிறுத்தவில்லை. மரு புற்றாக மாறுவதைக் கண்முன் காட்டினார்கள், கன்றுக்குக் கொடுத்து உண்டாக்கியும் காட்டினார்கள். மனிதர்களில் அந்த நடுப்படி இல்லை. எங்களிடம் வருகிற உணவுக்குழாய்ப் புற்றுகளின் ஓரத்தில் மரு இருப்பதில்லை. படிப்படியான டிஸ்பிளேசியாதான் தட்டையாகப் பரவிக் கிடக்கிறது. மரு கண்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தாலும் அது புற்றாக மாறியது அபூர்வத்திலும் அபூர்வம். பெரியதாக, பல மருக்கள் சேர்ந்து வந்தால் மட்டும் நாங்கள் உஷாராவோம்.

லின்சியனில் இன்னொரு விஷயம் நடந்தது. அங்கே வீட்டுக் கோழிகளுக்கும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று வந்தது. அங்கிருந்து ஹூபே மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் போன இடத்தில் வளர்த்த கோழிகளுக்கும் வந்தது, அக்கம்பக்கத்து உள்ளூர்க்காரர்களின் கோழிகளுக்கு அவ்வளவாக இல்லை. மனித எச்.பி.வி. கோழிக்குத் தொற்றாது. கோழி தின்றது வீட்டில் மிஞ்சிய சோற்றையும் ஊறுகாய்க் காய்களையும்தான். எனக்கு அந்தக் கோழிகள் சொல்வதுதான் பெரிதாகப் படுகிறது: முதலில் தட்டைப் பார்.

---

குன்னூர்_கால்நடை

கோழிக்கு ஒரு சல்யூட். மாட்டிலும் நான் சொல்ல வந்தது கிட்டத்தட்ட அதுதான். பெரணியை எடுத்துவிட்டால் வைரஸ் தனியாகப் புற்றை உண்டாக்கவில்லை.

---

வடமராட்சி_வாசன்

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இலங்கையில் உணவுக்குழாய்ப் புற்று பெண்களுக்கும் நிறைய வருகிற ஒன்று. எங்கட அம்மம்மா அதில்தான் போனா. புகை, குடி ஒன்றும் இல்லை, ஆனால் வெற்றிலைத் தட்டம் இல்லாமல் அவவை நான் கண்டதில்லை. புகையிலையும் போடுவா. அதுதான் அவவுக்குப் பெரணியோ?

---

ஸ்லைடு_சுந்தரி

அண்ணா, அம்மம்மா விஷயத்தில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணம் என்பது உறுதியானது. 2012இல் நான் முன்பு சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குக்கும் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டது. இந்தியாவில் இந்த நோய் மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களில் மேகாலயாவின் கிழக்கு காசி மலை மாவட்டம் முன்னால் நிற்கிறது. அங்கே பச்சைப் பாக்கு மெல்லுவது வீட்டுக்கு வீடு.

சூடும் சேர்த்தி. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை 2016இல் 'அநேகமாகப் புற்று உண்டாக்கும்' வரிசையில் வைத்தார்கள். ஈரானின் கோலஸ்தானில் ஐம்பதாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், 60 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள தேநீரை நாளுக்கு 700 மில்லிக்குக் குறையாமல் குடித்தவர்களுக்கு ஆபத்து 90 சதவீதம் கூடுதல். டம்ளரை வாங்கிய உடனே மடக்கென்று குடித்து முடிக்கிற நம் ஊர் ஆட்கள் இதைப் படிக்க வேண்டும்.

---

பட்டறைத்தம்பி

டீக்கடையில் நின்றுகொண்டுதான் இதைப் படிக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: எச்.பி.வி. தவிர வேறு வைரஸ் எதுவும் உணவுக்குழாய்க்கு வராதா? மாமாவுக்குக் கிட்னி மாற்றிய பிறகு ஏதோ வைரஸ் என்று சொல்லித்தான் விழுங்க முடியாமல் கிடந்தார்.

---

மலைக்கோட்டை_மீனா

வரும் தம்பி. ஹெர்பிஸ், சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) இரண்டும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பிடிக்கும். கிட்னி மாற்றியவர்கள், கீமோ எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆனால் அவை வளர்ச்சி உண்டாக்காது, புண்தான் உண்டாக்கும். ஹெர்பிஸ் என்றால் சின்னச் சின்னக் குழிப்புண்கள், அசைக்ளோவிர் கொடுப்பார்கள். சி.எம்.வி. புண் பெரிதாக, நீளமாக இருக்கும், அதற்குக் கான்சைக்ளோவிர். தண்ணீர் விழுங்கினாலே கண்ணீர் வருகிற வலி, மருவுக்கு அது இருக்காது.

---

மூன்று_பெண்_தகப்பன்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் இந்த உணவுக்குழாய் மருவும் வராதா? பெண்களுக்குப் போடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

---

ஸ்லைடு_சுந்தரி

போடுங்கள், ஆனால் உணவுக்குழாய்க்காக அல்ல. கர்ப்பப்பை வாய்க்காக. அந்த ஒரு காரணமே போதும். சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2022இல் அனுமதி பெற்றது, அதில் 6, 11, 16, 18 நான்கு வகையும் உண்டு. இலங்கையில் 2017இலிருந்தே பள்ளி மாணவிகளுக்கு அரசே போடுகிறது. 6, 11 வகைகள் குழந்தைகளின் குரல்வளையில் மருவை உண்டாக்குகிறவை. ஆஸ்திரேலியாவில் 2007இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பிறகு அந்த நோய் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. உணவுக்குழாய் மருவும் அதோடு சேர்ந்து குறையலாம், ஆனால் இவ்வளவு அபூர்வமான ஒன்றை எண்ணிக் காட்டுவது கஷ்டம்.

ஏற்கெனவே வந்த மருவைத் தடுப்பூசி கரைக்காது. காவிரிக்கரையான் அடுத்து அதைத்தான் கேட்பார் என்பதால் முன்கூட்டியே.

---

காவிரிக்கரையான்

கேட்கத்தான் இருந்தேன் மேடம்! வீட்டு நிலவரம் பரவாயில்லை. மீனாம்மா எழுதியதை அக்கா இரண்டு தடவை படித்தாள். நேற்று அத்தானுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாளாம். "எதற்கு இவ்வளவு நாள் கோபம், இப்போது எதற்குக் குழம்பு, எதுவும் புரியவில்லை" என்று அவர் எனக்கு மெசேஜ் அனுப்புகிறார். நானும் எதுவும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும். திரும்ப எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமா?

---

ஸ்லைடு_சுந்தரி

ஒற்றை மரு, முழுதாக எடுத்தது, டிஸ்பிளேசியா இல்லை என்றால் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி எதுவும் இல்லை. சில டாக்டர்கள் ஒரு வருடம் கழித்து ஒரு தடவை பார்ப்பார்கள், சிலர் பார்க்க மாட்டார்கள். முழுதாக எடுத்தார்களா, பாதி கிள்ளினார்களா என்பதை மட்டும் ஸ்கோப் செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கும்போது அடைப்பது, எடை குறைவது, ரத்தம் என்று எது வந்தாலும் தாமதிக்காமல் போக வேண்டும், அது மரு இருந்தவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். நெஞ்செரிச்சலுக்கு மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் சாப்பிடச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டோடு ஸ்கோப் படங்களையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். அடுத்த டாக்டர் அதைத்தான் கேட்பார்.

---

கோத்தகிரி_ராஜி

குன்னூர் டாக்டருக்கு ஒரு கேள்வி, தலைப்புக்கு வெளியே என்றால் மன்னியுங்கள். எங்கள் தோட்டத்து ஓரம் முழுக்க நீங்கள் சொன்ன பெரணிதான். மாடு இரண்டு நாளாகச் சிவப்பாக மூத்திரம் விடுகிறது. படித்ததும் பயம் வந்துவிட்டது. பாலைக் குடிக்கலாமா?

---

குன்னூர்_கால்நடை

தலைப்புக்கு உள்ளேதான் அம்மா. நீலகிரியில் மாடுகள் ரத்த மூத்திரம் விடுவதற்குப் பெரணி ஒரு பழைய காரணம். இங்கே அது உணவுக்குழாயை விட்டுவிட்டு மூத்திரப் பையில் கட்டியாக வருகிறது. அதிலும் ஒரு மாட்டு பாப்பிலோமா வைரஸ் கூட்டுச் சேர்கிறது, வகை மட்டும் வேறு. ஆனால் உங்கள் மாட்டுக்கு அதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் சிவக்கும், அதற்கு மருந்து உண்டு, ஆனால் உடனே கொடுத்தாக வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, சமீபத்தில் கன்று போட்டதா என்று பாருங்கள். நாளைக் காலை முதல் மூத்திரத்தை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு பக்கத்து கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள்.

பெரணி நஞ்சு பாலில் இறங்கும். தெரிகிற வரைக்கும் அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். மாட்டை இன்றே அந்த ஓரத்திலிருந்து அவிழ்த்து வேறு பக்கம் கட்டிவிடுங்கள்.